பெயர்நாளும் காபிக் காசும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணவரின் வேலைக்காகக் குழந்தையோடு கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகருக்குக் குடிவந்து சில மாதங்கள் ஆகின்றன. கீழ்வீட்டு அம்மா வாரம் ஒருமுறையாவது ஒரு தட்டில் ஏதாவது கொண்டுவந்து தருகிறார். என் மகளைப் பார்த்தால் ‘ஃப்து ஃப்து’ என்று துப்புவதுபோலச் செய்கிறார். அது எனக்குப் பிடிக்கவில்லை. மே 21 அன்று எங்களைக் காபிக் கடைக்கு அழைத்துப் போனார். இத்தனை செய்கிறவருக்கு இதையாவது செய்வோமே என்று, அவருக்குத் தெரியாமல் பணத்தைக் கட்டிவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. அந்நியர்கள் என்று எங்கள்மேல் இரக்கப்படுகிறாரா? இந்தக் கடனை எப்படித் தீர்ப்பது?

க., தெசலோனிக்கி

அன்புள்ள க,

மே 21 கான்ஸ்டன்டைன், ஹெலன் ஆகிய புனிதர்களின் திருநாள். அந்த அம்மாவின் பெயரை நீங்கள் எழுதவில்லை. எலெனி என்றோ கான்ஸ்டன்டினா என்றோ இருக்கும் என்று நினைக்கிறேன். அன்று அவருடைய பெயர்நாள். கிரேக்கர்களில் பெரும்பாலோருக்குப் புனிதர் ஒருவரின் பெயர்தான் இருக்கும். அந்தப் புனிதரின் திருநாள் அவர்களுக்கும் விசேஷம். மூத்தவர்களுக்குப் பிறந்தநாளைவிட இதுவே பெரிது. காலையிலிருந்து தொலைபேசி ஓயாது. அன்று செலவு செய்யவேண்டியவர் பெயருக்குரியவர். நம் பள்ளிகளில் பிறந்தநாள் குழந்தைதானே எல்லோருக்கும் மிட்டாய் கொடுக்கும்? அவர் கொடுக்கவேண்டிய நாளில் நீங்கள் கொடுத்துவிட்டீர்கள். வாட்டம் அதனால்தான்.

இரக்கம் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். ஏதென்ஸில் நான் குடியிருந்தபோது பார்த்திருக்கிறேன், அவர்கள் தங்களுக்குள்ளும் இப்படித்தான். சாப்பிட்டு முடித்ததும் பில்லுக்கு உண்மையாகவே சண்டை நடக்கும். கைகழுவப் போகிறவர்போல எழுந்துபோய்ப் பணம் கட்டிவிட்டு வருவார் ஒருவர். தோற்றவர் ‘அடுத்த முறை நான்’ என்பார். அந்த அடுத்த முறைக்காகத்தான் இவ்வளவும். கணக்கை அன்றன்றே நேர்செய்துவிட்டால் மறுபடி கூடுவதற்கு என்ன முகாந்திரம் இருக்கிறது? கடனைத் தீர்ப்பது எப்படி என்று கேட்கிறீர்கள். தீர்க்காதீர்கள் அம்மா, தயவுசெய்து. அது நிலுவையிலேயே இருக்கட்டும்.

தட்டை மட்டும் வெறுமையாகத் திருப்பித் தராதீர்கள். நம் வீடுகளிலும் அதுதானே வழக்கம். ஒரு கிண்ணம் பாயசம் போதும். ஈஸ்டருக்கு முந்தைய பெருநோன்பில் மட்டும் கவனம் தேவை. நாற்பது நாளும், அதன்பின் வரும் புனித வாரமும், பக்தியுள்ளவர்கள் இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடமாட்டார்கள். அப்போது தேங்காய் போட்டுச் சுண்டல் செய்துகொண்டு போங்கள். அதைவிடப் பொருத்தமான பண்டம் கிடையாது.

துப்புவதுபோலச் செய்வது திருஷ்டி கழிப்பது. குழந்தையை அழகு என்று சொன்ன கையோடு, கண்பட்டுவிடக் கூடாதே என்று மூன்றுமுறை அப்படிச் செய்வார்கள். சில பாட்டிகளுக்குத் தண்ணீரில் எண்ணெய் சொட்டிப் பார்த்து, ஜெபம் சொல்லிக் கண்ணேறு எடுக்கவும் தெரியும். உங்கள் மகளை அந்த அம்மா தன் பேத்தியாக நினைக்கிறார். விலக்கிவிடாதீர்கள்.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயங்கள். வாரச் சந்தையில் ஐந்து என்று காட்ட, விரல்களை விரித்து உள்ளங்கையை எதிராளியின் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். அங்கே அது கடும் வசவு. பைசாந்தியக் காலத்தில் குற்றவாளியின் முகத்தில் கரி பூசிய வழக்கத்திலிருந்து வந்தது என்பார்கள். இன்னொன்று, கோடையில் பிற்பகல் 3 முதல் 5.30 வரை சட்டப்படியே அமைதி நேரம். குழந்தையை மாடிப்படியில் ஓடவிட வேண்டாம்.

பெயர்நாள்கள் அச்சிட்ட நாட்காட்டி ஒன்றை வாங்கிச் சமையலறையில் மாட்டுங்கள். டிசம்பர் 6 நிக்கோலஸ், ஆகஸ்ட் 15 மரியா. ஜார்ஜுக்கு ஏப்ரல் 23. அது நோன்புக்குள் விழுந்தால் ஈஸ்டர் திங்களுக்குத் தள்ளிப்போகும். 2024-இல் அப்படித்தான் மே 6 அன்று வந்தது. உங்கள் ஊரின் காவல் புனிதர் டிமிட்ரியோஸ். அக்டோபர் 26 அன்று ஊருக்கே விடுமுறை. உங்கள் கட்டடத்தில் டிமிட்ரிஸோ டிமித்ராவோ ஒருவராவது இருப்பார்கள். பெயர்நாள் வீட்டுக்கு முன்பெல்லாம் அழைப்பில்லாமலே போவார்கள். இப்போது நகரங்களில் முதலில் தொலைபேசியில் வாழ்த்திவிட்டு, வரலாமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. வரச்சொன்னால் இனிப்புக் கடையில் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு மூவருமாகப் போங்கள். அங்கே கொடுப்பதை மறுக்காமல் சாப்பிடுங்கள்.

அன்புடன்