பையில் வைக்க ஒரு மடக்குக் கத்தி: வாசகர் கேள்விகள்

சென்ற மாதம் பயணப் பையைப் பற்றி எழுதும்போது, என் பையில் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி இருக்கும் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் அதிகக் கடிதங்கள் வந்தன. அதனால் இந்த மாதம் முழுக்க அதுதான்.

கூரியர் கடையில் வேலை. நாள் முழுக்க அட்டைப்பெட்டி, டேப், சணல் கயிறு, மத்தியானம் ஒரு பழம். இணையத்தில் பார்த்தால் நூறு மாடல் காட்டுகிறது, தலை சுற்றுகிறது. ஒன்றே ஒன்று சொல்லுங்கள் சார். (ஒரு வாசகர், தேனி)

எதை வெட்டப் போகிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டீர்கள், அதுவே பாதி வேலை. நிறையப் பேர் கத்தியை வாங்கிவிட்டுத்தான் அதற்கு வேலை தேடுகிறார்கள். நானும் அப்படி ஒன்று வாங்கினேன். கறுப்பு நிறம், 4 மி.மீ. கனத்தில் அலகு, பார்க்கக் கம்பீரமாக இருந்தது. ஆப்பிளை நறுக்கினால் பாதி இறங்குவதற்குள் பழம் ‘படக்’ என்று பிளந்துவிடும், ஏனென்றால் அவ்வளவு கனமான அலகு வெட்டுவதில்லை, ஆப்பு மாதிரி பிளக்கிறது. சின்னக் கத்திக்கு அலகு மெலிந்திருப்பதுதான் முக்கியம், இதைக் கடைக்காரர் யாரும் சொல்ல மாட்டார்கள்.

பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் 1890-இல் செய்ய ஆரம்பித்த மரப்பிடிக் கத்தி இன்றும் அதே உருவத்தில் வருகிறது. அதில் 8-ஆம் எண் 8.5 செ.மீ. அலகு, கனம் 2 மி.மீ. கூட இல்லை. தக்காளியோ கொய்யாவோ சிரமமில்லாமல் இறங்கும். 1955 முதல் அதன் கழுத்தில் ஒரு வளையமும் இருக்கிறது, அதைத் திருப்பினால் அலகு மடங்காது. குறை என்னவென்றால் மரம் ஈரத்தில் ஊதிக்கொள்ளும், மழை நாளில் திறக்க மறுக்கும். அப்போது பிடியின் அடிப்பக்கத்தை மேசையில் ஒரு தட்டு தட்டினால் அலகு தலை நீட்டும். அந்த ஊர்க்காரர்களே அப்படித்தான் திறக்கிறார்கள்.

ஆனால் உங்களுக்கு நான் சொல்வது விக்டோரினாக்ஸ் என்ற சுவிஸ் நிறுவனத்தின் ஸ்பார்ட்டன், மடக்கினால் 91 மி.மீ. நீளம். ஏறத்தாழ 60 கிராம்தான், சட்டைப் பையில் இருப்பதே தெரியாது. இரண்டு அலகு இருப்பதால் பெரியது கயிற்றுக்கு, சின்னது பழத்துக்கு என்று பிரித்துக்கொள்ளலாம், டேப் கோந்து படிந்த அலகால் மாம்பழம் நறுக்க வேண்டியதில்லை. கோந்தைத் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும். அப்புறம், அட்டைப்பெட்டிக்கு இரண்டையுமே தொடாதீர்கள். அட்டையில் இருக்கும் நுண்ணிய மண்துகள் எந்த அலகின் கூர்மையையும் தின்றுவிடும். அதற்கு ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும், நுனியை ஒடித்து ஒடித்துப் போடும் கட்டர் போதும்.

கார்பன் ஸ்டீல்தான் கூர் நிற்கும் என்கிறான் ஒரு நண்பன், டி2 என்ற ஸ்டீலில் வாங்கு என்கிறான் இன்னொருவன். எதை நம்ப? (ஒரு வாசகர், நாகப்பட்டினம்)

கடற்கரையில் இருக்கிறீர்கள், ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். கார்பன் ஸ்டீல் எனக்குப் பிடிக்கும், கல்லில் நாலு இழுப்பில் கூர் ஏறும், மாங்காயும் எலுமிச்சையும் வெட்ட வெட்ட நீலம் பாய்ந்து கறுப்பாகி ஒரு அழகு வரும். ஆனால் உப்புக்காற்றில் ஒரு ராத்திரி துடைக்காமல் விட்டால் காலையில் துருப்புள்ளி நிச்சயம். 10.5 சதவீதத்துக்கு மேல் குரோமியம் இருந்தால் ஸ்டெயின்லெஸ் என்பது பொதுக் கணக்கு. டி2-வில் 12 சதவீதம் இருந்தும் அது துருப்பிடிக்கும், ஏனென்றால் அதில் கார்பனும் ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் இருக்கிறது, குரோமியத்தில் கணிசமான பங்கு அந்தக் கார்பனோடு சேர்ந்து கெட்டிப்பட்டுவிடுவதால் துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. மேலே சொன்ன ஒபினெல் ஸ்டெயின்லெஸ்ஸிலும் வருகிறது. படகில் போகிறவர் என்றால் ஸ்பைடர்கோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் சால்ட் வரிசையைப் பாருங்கள், கடல்நீருக்கென்றே செய்தவை, விலைதான் கூடுதல்.

நான் லண்டனில் இருக்கிறன் அண்ணா. பிரான்சிலயிருந்து தமையன் ஒபினெல் 8 வாங்கித் தந்தவர். கைப்பையில கொண்டு திரியலாமோ? (ஒரு வாசகி)

வேண்டாம் தங்கச்சி. அங்கே 1988-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139-ஆம் பிரிவுப்படி, தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதே குற்றம். விலக்கு, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு (7.62 செ.மீ.) மேற்படாத மடக்குப் பைக்கத்திக்கு மட்டும். திறந்த நிலையில் பூட்டிக்கொள்ளும் கத்தி அந்த விலக்கில் வராது என்று 1990-களின் தொடக்கத்திலேயே நீதிமன்றமும் சொல்லிவிட்டது. உங்கள் கத்தி நீளத்திலும் தோற்கிறது, பூட்டிலும் தோற்கிறது. கேம்பிங் போகும்போது கொண்டுபோகலாம், அது தக்க காரணம்தான், ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள், அதனால் போகவர மூட்டையின் அடியில் வையுங்கள், திரும்பி வந்ததும் காரில் விட்டுவிடாமல் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள்.

பூட்டு இல்லாவிட்டால் ஆபத்தில்லையா என்று இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நறுக்கும்போது அழுத்தம் அலகைத் திறந்த பக்கமாகவே தள்ளுகிறது, மடங்காது. நுனியால் குத்தும்போதுதான் மடங்கும். பூட்டில்லாத கத்தியால் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் ஓட்டை போடப் போய், அலகு மடங்கி ஆள்காட்டி விரலில் மூன்று தையல் எனக்கு. அந்த வேலைக்கு அந்தக் கத்தியை எடுத்தது என் தப்பு. குத்த வேண்டிய வேலை இருந்தால் பூட்டுள்ளதை வாங்குங்கள், அல்லது ஒரு குத்தூசி வைத்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் பிடித்தால்? விமானத்தில்? (ஒரு வாசகர், கோவை)

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் பட்டியலில் வருவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, அதிலும் வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்கென்று செய்தவை சேராது. பழம் நறுக்கும் மடக்குக் கத்தி இதற்குள் வராது. பொத்தானை அழுத்தினால் பாயும் கத்தி மட்டும் வேண்டவே வேண்டாம். டில்லியில் 1980-லேயே அதற்குத் தனி அறிவிக்கை போட்டு, அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் இருந்தாலே சிக்கல் என்று ஆக்கிவிட்டார்கள். கூட்டம், ஊர்வலம், நீதிமன்றம் போகும் நாளில் வீட்டில் வைத்துவிடுங்கள். விமானத்தில் செக்-இன் பெட்டியில் மட்டும். சாவிக்கொத்தில் தொங்கிய 58 மி.மீ. கத்தியை மறந்துபோய் நான் பாதுகாப்புச் சோதனையில் இழந்திருக்கிறேன், பத்து வருடம் கூடவே இருந்த பொருள், இன்றும் மனசு கேட்கவில்லை.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா? (ஒரு வாசகி, மதுரை)

அரிவாள், அரிவாள்மனை, சமையல் கத்தி எல்லாம் தாராளமாகக் கொடுங்கள், அவர் கை அந்த வேலைக்குப் பழகியது. சின்ன மடக்குக் கத்தியை மட்டும் கொடுக்காதீர்கள். சுழலும் சக்கரத்தில் மெல்லிய அலகு நொடியில் சூடேறும், விளிம்பில் நீலம் ஓடிவிட்டால் அந்த இடத்தில் இரும்பின் பதம் போயிற்று, அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

நீங்களே தீட்டுங்கள், கஷ்டமில்லை. 1000 கிரிட் தீட்டுக்கல் ஒன்று (கிரிட் என்பது கல் எவ்வளவு நுண்ணியது என்று சொல்லும் எண்), கொஞ்சம் தண்ணீர். கோணம்தான் எல்லாருக்கும் பயம். அலகு 2 செ.மீ. அகலம் என்றால், முதுகைக் கல்லிலிருந்து 6 மி.மீ. தூக்கினால் ஏறத்தாழ 17 பாகை வரும், அது போதும். அந்த உயரத்தைக் கை மறக்காமல் ஒரே பக்கமாகத் தீட்டிக்கொண்டே வாருங்கள். மறுபக்க விளிம்பில் விரலைக் குறுக்காகத் தடவினால் சொரசொரவென்று ஒரு மடிப்பு தட்டுப்படும், விளிம்பு முழுக்க அது வந்த பிறகுதான் அலகைத் திருப்ப வேண்டும். பலர் அதற்கு முன்பே திருப்பிவிட்டு, கல் சரியில்லை என்கிறார்கள். இரண்டு பக்கமும் முடிந்ததும், பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் முதுகு முன்னே போகும்படி பத்துப் பத்து இழுப்பு. செய்தித்தாளைத் தொங்கவிட்டு வெட்டிப் பாருங்கள், கிழியாமல் இறங்க வேண்டும். விக்டோரினாக்ஸின் இரும்பு, கெட்டித்தன்மையைச் சொல்லும் ராக்வெல் அளவில் 56, ரொம்பக் கெட்டியில்லை, அதனால் கூர் சீக்கிரம் மழுங்கும் என்பது உண்மை, ஆனால் பத்து நிமிஷத்தில் திரும்ப வந்துவிடும். எனக்கு அதுதான் வசதி.

பத்து வயதுப் பேத்தி தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறாள். (ஒரு தாத்தா, தஞ்சாவூர்)

வாங்கிக் கொடுங்கள் ஐயா. விக்டோரினாக்ஸ், ஒபினெல் இரண்டிலுமே நுனி உருண்ட குழந்தைக் கத்தி இருக்கிறது. முதல் ஒரு மாதம் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் திறக்கட்டும், முருங்கைக் குச்சியைச் சீவப் பழக்குங்கள், மென்மையான மரம், எப்போதும் உடம்பை விட்டு வெளிப்பக்கமாகவே சீவ வேண்டும். மூடும்போது அலகின் பாதையில் விரல் இல்லையே என்று அவளே பார்த்துச் சொன்ன பிறகு மூடட்டும்.