முக்கொம்புக்காரரிடம் தூண்டில் கேள்விகள்

போன மாதம் விரால் தூண்டில் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் போட்டால் பேரன் பேத்தி எடுத்துவிடுவேன், அதனால் மொத்தமாக உட்கார்ந்துவிட்டேன். திருச்சிப் பக்கம் முக்கொம்பு, கொள்ளிடம், சுற்றி இருக்கிற ஏரி வாய்க்கால், இதுதான் எனக்குத் தெரிந்த உலகம். கடல் தெரியாது, வலை தெரியாது, மீன் தொட்டி தெரியாது. கேளுங்கள்.

கரூரிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, இதுவரை மூங்கில் கழிதான். முதன்முதலாக ராட், ரீல் வாங்கப் போகிறேன். என்ன வாங்கலாம்?

முதலில், மூங்கில் கழியைத் தூக்கிப் போடாதே தம்பி. வாய்க்கால் ஓரத்தில் ஜிலேபி மீனுக்கும் கெண்டைக்கும் அதைவிட நல்ல சாமான் இன்னும் வரவில்லை. ராட் தேவைப்படுவது தூரம் வீசுவதற்கும் பெரிய மீனை அலுக்க வைப்பதற்கும்தான். ஏழடி ராட், மீடியம் ஹெவி, 3000 சைஸ் ஸ்பின்னிங் ரீல், இது போதும். விராலுக்குத்தான் என்றால் 30 பவுண்டு பிரெய்ட், அதாவது பின்னல் நரம்பு, போடு. கட்லா, ரோகு என்றால் ஒற்றை நைலான் இழையான தங்கூஸ் நரம்பே நல்லது, அது கொஞ்சம் இழுபடும், மீன் உதறும்போது வாய் கிழியாது. பிரெய்டில் சாதாரண முடிச்சு வழுக்கும், பலோமர் முடிச்சு கற்றுக்கொள். எந்த முடிச்சானாலும் இறுக்கும் முன் எச்சில் தொட்டு இறுக்கு, காய்ந்த நரம்பு உரசிச் சூடாகி அந்த இடத்திலேயே பலம் போய்விடும்.

கடைக்காரர் கார்பன் ராட் காட்டுவார். எடை குறைவு, கைக்குச் சுகம். ஆனால் கார்பனில் மின்சாரம் பாயும். நம் ஏரிக்கரைகளில் மோட்டாருக்குப் போகிற மின்கம்பி தலைக்கு மேலேயே தொங்கும். ராடைத் தூக்கும் முன் மேலே பார். இதை இன்றைக்கு எத்தனை தடவை சொல்வேன் என்று எனக்கே தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரம்பலூர்: ஜிலேபிக்கு என்ன இரை போடலாம்?

மண்புழு. சின்ன முள், சின்னத் தக்கை. புழுவை முழுசாகத் தொங்கவிடாமல் முள்ளை மூடுகிற அளவுக்குக் கிள்ளிக் கோக்கவும், இல்லாவிட்டால் வாலை மட்டும் தின்றுவிட்டுப் போகும்.

சென்னையிலிருந்து: வருஷத்தில் எந்த மாதம் மீன் நன்றாக மாட்டும்? ஊருக்கு வரும்போது திட்டம் போட வேண்டும்.

மாதத்தைக் கேட்காதீர்கள், தண்ணீரைக் கேளுங்கள். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12 திறப்பார்கள், திறந்தால் மூன்று நாலு நாளில் கல்லணை வரை வந்துவிடும். அந்தப் புதுத்தண்ணீரோடு மண்ணும் பூச்சியும் வரும், மீனும் மேயக் கிளம்பும். முதல் இரண்டு நாள் கலங்கலில் ஒன்றும் மாட்டாது, அப்புறம் ஒரு வாரம் கொண்டாட்டம். ஆடியில் காற்று, தக்கை நிற்காது, காற்று முதுகில் அடிக்கிற கரையாகப் பார்த்து உட்கார வேண்டும். தண்ணீர் அதிகம் விட்டால் ஆற்றுப் பக்கமே போகாதீர்கள். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு கொள்ளிடம் அணையில் 9 மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, அந்த வேகத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் ஏரிகள் நிறையும். கலிங்கு வழியும் இடத்தில் கெண்டை எதிர்த்து ஏறும். விரால் புல்லுக்குள் போய்க் குஞ்சு பொரிக்கும், அதைப் பற்றிக் கீழே ஒரு சண்டையே இருக்கிறது. மார்கழியில் விடியற்காலையில் போய் நடுங்குவது வீண், தண்ணீர் குளிர்ந்திருக்கும், ஒன்பது மணிக்கு மேல் வெயில் இறங்கினால்தான் மீன் அசையும்.

பங்குனி, சித்திரையில் எல்லாரும் இருட்டோடு போகச் சொல்வார்கள். பாசி பிடித்துப் பச்சையாகக் கிடக்கிற குளத்தில் அது சரிவராது. ராத்திரி முழுக்கப் பாசியும் மூச்சு விடும், அதனால் விடிவதற்குச் சற்று முன்தான் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவு. மீன் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கும், இரையைச் சீந்தாது. சூரியன் வந்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். விராலுக்கு இந்தக் கஷ்டம் இல்லை, அது மேலே வந்து காற்றையே குடிக்கிற சாதி. பாசிக் குளத்தில் விடியலில் தூண்டில் போடுவதானால் விராலுக்குப் போடலாம்.

அரியலூர்: கட்லா, ரோகு எனக்கு மாட்டுவதே இல்லை, பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு மாட்டுகிறது. இரை ஒன்றுதான்.

ஆழம் வேறாக இருக்கும். கட்லாவின் வாயைப் பாருங்கள், மேல் நோக்கி இருக்கும், மேல்தண்ணீரில் மேய்கிற மீன். ரோகு நடுவில். மிர்கால் அடியில் சேற்றைக் கிண்டும். மூன்றுக்கும் ஒரே ஆழத்தில் தக்கையைக் கட்டிவிட்டு இரையைக் குறை சொல்லக் கூடாது. கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, தவிடும் கொஞ்சம் மைதாவும் சேர்த்து, சப்பாத்தி மாவைவிட இளக்கமாகப் பிசையுங்கள், தண்ணீரில் விழுந்த பத்து நிமிஷத்தில் உதிர ஆரம்பிக்க வேண்டும். உதிராத உருண்டை கல் மாதிரி கிடக்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போடுங்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு இடம் மாறுகிறவருக்கு எதுவும் மாட்டாது.

இன்னொன்று, அந்த ஏரி குத்தகைக்கு விட்டதா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். குஞ்சு வாங்கி விட்டவர் காசு போட்டிருக்கிறார். பெரும்பாலும் கேட்டால் விடுவார்கள், கேட்காமல் போட்டால் கழியை முறிப்பார்கள், அதில் தப்பும் இல்லை.

நாமக்கல்: ஜிலேபிக்கு மைதாவில் ஏதாவது எசன்ஸ் சேர்க்க வேண்டுமா?

வேண்டாம். மண்புழு.

தஞ்சாவூர்: ரப்பர் தவளை வாங்கினேன். விரால் பாய்ந்து அடிக்கிறது, இழுத்தால் வெறும் தவளைதான் வருகிறது. பத்து தடவை அடித்தும் ஒன்றுகூட நிற்கவில்லை.

சத்தம் கேட்டதும் இழுக்கிறீர்கள். எல்லாரும் செய்வதுதான், நானும் ஒரு வருஷம் செய்தேன். விரால் அடிப்பது ஒரு நொடி, வாய்க்குள் திருப்பிக் கவ்வுவது அடுத்த நொடி. தவளை மறைந்ததும் நரம்பைத் தளர்வாக விட்டு மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணுங்கள், நரம்பு நகர ஆரம்பிக்கும், அப்போது வாங்குங்கள், அதாவது ராடைச் சுண்டி இழுங்கள். முள் கூராக இருக்கிறதா என்று நகத்தில் உரசிப் பாருங்கள், வழுக்கினால் தீட்ட வேண்டும். ராடைத் தலைக்கு மேலே வேகமாகத் தூக்கி வாங்குவது பழக்கமாகிவிட்டால், மின்கம்பிக்கு அடியில் நிற்கும்போதும் கை அதையேதான் செய்யும். பக்கவாட்டில் வாங்கிப் பழகுங்கள்.

திருவாரூர்: விரால் பிடிக்க இவ்வளவு கதை எதற்கு சார்? ஐப்பசியில் வயல் ஓரக் குட்டையில் செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டம் மேலே மிதக்கும், நடுவில் தவளையைப் போட்டால் தாய் விரால் அடுத்த நொடி அடிக்கும். எங்கள் ஊரில் எல்லாரும் இப்படித்தான் பிடிக்கிறோம்.

தெரியும். அதனால்தான் உங்கள் ஊரில் இப்போது விராலைச் சந்தையில் வாங்குகிறீர்கள்.

அந்த விரால் பசித்து அடிப்பதில்லை. குஞ்சுக்கு நடுவே எது விழுந்தாலும் எதிரி என்று பாய்கிறது. முட்டையிட்ட நாளிலிருந்து குஞ்சு சிவப்பு மாறித் தனியே பிரிகிற வரை ஒரு மாதத்துக்கு மேல் அது காவல் நிற்கும். காவலைத் தூக்கிக் குழம்பில் போட்டுவிட்டால் அந்தக் கூட்டத்தைக் கெண்டையும் ஜிலேபியும் கொக்கும் தின்று தீர்க்க ரொம்ப நாள் ஆகாது. பிடிக்கிறதில் திறமையும் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூட வாசலில் பிள்ளையைக் கூப்பிட நிற்கிறவரை அடிப்பது மாதிரி.

திருவாரூர், மறுபடி: ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரிக்கிறது, ஒரு தாய் போனால் என்ன ஆகிவிடும்? குட்டையோ தையில் வற்றிவிடும். நாங்கள் விட்டால் அடுத்தவன் பிடிப்பான். பிடித்துவிட்டு விடுவது, போட்டோ எடுப்பது எல்லாம் பணக்கார விளையாட்டு, நாங்கள் தின்பதற்குப் பிடிக்கிறோம்.

நானும் தின்பதற்குத்தான் பிடிக்கிறேன். விரால் குழம்பை நான் விட்டுவிட்டேன் என்று யார் சொன்னது? தின்னாதே என்று நான் எங்கும் எழுதவில்லை, அந்த ஒரு மாதம் குஞ்சோடு இருப்பதை விடு என்கிறேன். ஆயிரம் பொரிப்பதே அதில் பெரும்பகுதி செத்துப்போகும் என்பதால்தான். மிஞ்சுகிற கொஞ்சமும் காவல் இருந்தால்தான் மிஞ்சும்.

குட்டை வற்றும் என்பது நியாயமான பேச்சு, அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். வற்றப் போகிற குட்டையில் தை வாக்கில் ஊரோடு இறங்கி ஊத்தா, அந்த அடியில்லாத கூடை, போட்டுப் பிடியுங்கள், யார் வேண்டாம் என்றது? மதுரை, சிவகங்கைப் பக்கம் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழாவே நடத்துகிறார்கள், அதற்குள் குஞ்சு வளர்ந்து பெரிசாகியிருக்கும். ஐப்பசியில் வாய்க்காலோடு தொடர்பு இருக்கிற குட்டையில் பொரித்த குஞ்சு அடுத்த மழைக்குள் பக்கத்து ஏரிக்கே போயிருக்கும்.

புதுக்கோட்டை, நடுவில் புகுந்து: அண்ணே சொல்வது சரிதான், ஆனால் எங்கள் தாத்தா காலத்திலும் இப்படித்தானே பிடித்தார்கள், அப்போது குறையவில்லையே?

உங்கள் தாத்தா காலத்தில் வயலில் இத்தனை பூச்சிமருந்து இல்லை, குட்டைகளைத் தூர்த்து வீடு கட்டவில்லை, ஊருக்கு நாலு பேர்தான் தூண்டில் போட்டார்கள். இப்போது எல்லாக் குட்டை ஓரத்திலும் ரப்பர் தவளையோடு ஒரு ஆள் நிற்கிறார். அந்த ஆள் நான்தான் என்று நீங்கள் சொல்லலாம். ஆமாம், 20 வருஷம் முன்பு நானும் ஒரே வாரத்தில் மூன்று காவல் விரால் பிடித்தேன், மூன்றாவதன் குஞ்சுகள் கரையோரத்தில் அலைந்துகொண்டிருந்ததை உட்கார்ந்து பார்த்தேன், அதோடு சரி. திருவாரூர்க்காரருக்கு இதற்கு மேல் நான் பதில் எழுதப் போவதில்லை, நேரில் வந்தால் டீ வாங்கித் தருகிறேன்.

கிளிநொச்சியிலிருந்து: ஐயா, இரணைமடுவில் எங்களுக்கு யப்பான் மீன்தான் கூட மாட்டுது. சின்னனை எல்லாம் திரும்பத் தண்ணிக்குள்ள விடுறது நல்லதோ?

நீங்கள் யப்பான் என்பதைத்தான் நாங்கள் ஜிலேபி என்கிறோம். ஆப்பிரிக்க மீன், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது 1952இல். குளத்தில் அதை நம்பிப் பிழைக்கிற குடும்பங்கள் அங்கே நிறைய, அங்கே அது வாழ்வாதாரம், சின்னதை விடச் சொன்னால் விடுங்கள், உள்ளூர் மீனவர் சங்கம் சொல்வதுதான் கணக்கு. எங்கள் ஆற்றில் நான் விடுவதில்லை. அதே மாதிரி ஆப்பிரிக்கக் கெளுத்தி. அதை வளர்க்க இந்தியாவில் 2000இலேயே தடை வந்தது, ஆனாலும் ஆறு ஏரி எங்கும் இருக்கிறது, கையில் வந்தால் தண்ணீருக்குத் திரும்பக் கூடாது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி, வளர்ந்ததும் ஏரியில் கொட்டுகிறார்களே, சக்கர் மீன், அதுவும் இந்தக் கணக்குத்தான். உங்கள் குளக்கரையில் முதலை இருக்கும், முழங்கால் தண்ணீரில் நிற்காதீர்கள்.

ஈரோடு: ஒகேனக்கல் பக்கம் மகசீர் பிடிக்க ஆசை. எங்கே போகலாம்?

எங்கேயும் போக வேண்டாம். திமில் மகசீர் காவிரிப் படுகையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லை, 2018இல் அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று உலகச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிக் காடுகளை 2022 நவம்பரில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தாகிவிட்டது, உள்ளே தூண்டிலோடு போனால் வழக்குதான். 1946இல் கபினியில் மைசூரில் வேட்டை மிருகங்களைப் பாடம் செய்துவந்த குடும்பத்து வான் இங்கன் 120 பவுண்டு மகசீர் ஒன்றைப் பிடித்தார், 54 கிலோ. அந்தப் புகைப்படத்தைப் பார்த்து ஆசையைத் தீர்த்துக்கொள்ளுங்கள், நான் அப்படித்தான் தீர்த்துக்கொண்டேன்.

கடலூர்: பாறையிலிருந்து கொடுவாய்க்கு என்ன லூர் போடலாம்?

கடல். மேலே சொன்னேன். துறைமுகத்தில் கேளுங்கள்.

மயிலாடுதுறை, ஒரு தங்கச்சி: அண்ணா, பையனுக்குத் தேளி மீன் குத்திவிட்டது, கை வீங்கி அழுதுகொண்டே இருந்தான். என்ன செய்திருக்க வேண்டும்?

பாவம், அந்த வலி எனக்குத் தெரியும், பெரிய ஆளையே உட்கார வைத்துவிடும். பொறுக்கிற அளவு சூடான தண்ணீரில் குத்திய இடத்தை அரை மணி நேரமாவது முக்கி வைக்க வேண்டும், விஷத்தின் வேகம் சூட்டில் குறையும். சூட்டை முதலில் உங்கள் கையில் பாருங்கள், வலியில் பையனுக்குச் சுடுவது தெரியாது. முள் உடைந்து உள்ளே நின்றாலோ, வீக்கம் ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ ஆஸ்பத்திரி. டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகிவிட்டது என்றால் அதையும் போட்டுவிடுங்கள். இனி கெளுத்தி, தேளி எது வந்தாலும் பையன் தொடக் கூடாது, நீங்கள் குறடால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். கடையில் வாங்கும்போதே தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கிற எதிர்முள்ளைக் குறடால் அமுக்கிவிட்டால் மீன் வாயிலிருந்தும் விரலிலிருந்தும் சுலபமாகக் கழலும்.

சேலம்: அமாவாசையில் மீன் மாட்டாது என்கிறார்களே?

பதினோரு வருஷம் நோட்டில் எழுதிப் பார்த்தேன். என் நோட்டில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் தெரிந்தது.

திண்டுக்கல்: ஜிலேபிக்கு எது நல்ல இரை என்று சொல்ல முடியுமா?

மேலே இரண்டு இடத்தில் இருக்கிறது. படிக்காமல் கேட்கிறவருக்கு மீனும் மாட்டாது.

திருச்சி, பக்கத்துக்காரர்: ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொள்ளிடம் வரலாமா? நீங்களும் வருவீர்களா?

கொள்ளிடம் வேண்டாம். மணல் அள்ளிய குழிகள் அப்படியே கிடக்கின்றன, கணுக்கால் தண்ணீர் அடுத்த அடியில் ஆளை முழுங்கும், மேலே பார்த்தால் தெரியவே தெரியாது. பிள்ளைகளோடு என்றால் வாய்க்கால்தான், மதகுக்குத் தள்ளி. அறுந்த தங்கூஸ் நரம்பைக் கரையில் போடாமல் சுருட்டிப் பையில் வைக்கச் சொல்லுங்கள், நீர்க்காகம் காலில் சுற்றிச் செத்துக் கிடப்பதை அவர்கள் பார்க்க வேண்டாம். இந்த ஞாயிறு மருமகளுக்குச் சீமந்தம், அடுத்த வாரம் வருகிறேன். ஏழு மணிக்கு, ஆலமரத்துக்குக் கீழே, அங்கே கம்பி இல்லை. புழு நீங்கள் தோண்டிக்கொண்டு வாருங்கள், எனக்குக் குனிய முடியவில்லை.