நோட்டுப் புத்தகம் எடுக்காத நிருபர்

கேள்வி: அமைச்சரோடு உட்கார்ந்து சாப்பிடுகிற பத்திரிகையாளர் அப்புறம் எப்படி அவரை எதிர்த்து எழுதுவார்? (ஒரு வாசகர், தென்காசி)

பதில்: பெரும்பாலும் எழுத மாட்டார். எழுதிய ஒருவரைச் சொல்கிறேன். லண்டனில் ஹ்யூகோ யங் என்று ஒருவர் இருந்தார், ஷெஃபீல்டில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்துவிட்டு வக்கீலாகாமல் பத்திரிகைக்கு வந்தவர். 1965இல் சண்டே டைம்ஸ் பத்திரிகையில் சேர்ந்து அரசியல் ஆசிரியர் ஆனார். மந்திரிகள், பெரிய அதிகாரிகள் என்று பலரோடும் மதியச் சாப்பாடு உண்டு. ஆனால் மேஜையில் நோட்டும் கிடையாது, பேனாவும் கிடையாது. நோட்டைக் கண்டால் எந்த ஊர் அரசியல்வாதிக்கும் வாய் பூட்டிக்கொள்ளுமே! சாப்பிட்டுத் திரும்பியதும் முதல் வேலையாக, கேட்டதையெல்லாம் மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுவார். சொன்னவரைக் காட்டிக்கொடுத்ததில்லை. அந்தக் குறிப்புகள் புத்தகமாக வந்ததே 2008இல், அவர் இறந்து ஐந்து வருடம் கழித்து.

கேள்வி: சரி, முதலாளி மாறினால் இவர்கள் என்ன செய்வார்கள்? (அதே வாசகர், விடமாட்டார் போல)

பதில்: 1981இல் ரூபர்ட் மர்டாக் அந்தப் பத்திரிகையை வாங்கினார். துணை ஆசிரியர் நாற்காலியில் இருந்த யங், புதிய போக்கு ஒத்துவராமல் 1984இல் கார்டியன் நாளிதழுக்குப் போய்ப் பத்தி எழுத உட்கார்ந்தார். கார்டியனுக்குத் தனி முதலாளி கிடையாது, அப்போது ஸ்காட் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் சொத்தாக இருந்தது அது. 1989இல் அதற்கே இவர் தலைவரானார். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

கேள்வி: தாட்சரைப் பற்றி இவர் எழுதினாராமே? (ஒரு வாசகி, காரைக்குடி)

பதில்: அப்போது பிரிட்டனின் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சரைப் பற்றி 1989இல் யங் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் தலைப்பு, 'ஒன் ஆஃப் அஸ்'. ஒருவரைப் பதவிக்குச் சொன்னால் தாட்சர் கேட்பதாகச் சொல்லப்படும் கேள்வி அது: "நம்ம ஆளா?" யங் அந்த அம்மாவின் ஆள் இல்லை, ஆனாலும் திட்டித் தீர்க்காமல், பலத்தையும் சேர்த்தே எடைபோட்டார். பின்னாளில் பிரதமரான டோனி பிளேயரிடம் யங்குக்கு நிறைய நம்பிக்கை இருந்தது, பிரிட்டனை ஐரோப்பாவோடு இன்னும் நெருக்கமாக்கிவிடுவார் என்று. இராக் போர் வந்ததும் அவரையும் விடவில்லை. புற்றுநோய் முற்றிய நிலையிலும், 2003 செப்டம்பரில் 64 வயதில் இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு, அமெரிக்காவின் பின்னால் போய்விட்டார் பிளேயர் என்று காட்டமாக ஒரு பத்தி எழுதி அனுப்பினார்.