சேமிப்பு முழுவதையும் மாந்தோப்பில் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 44. சொந்தமாக மூன்று ஏக்கர் நிலமும் கிணறும் இருக்கின்றன. தானியமும் பயறும் போடுகிறேன். ஒரு வருடம் லாபம், மறுவருடம் கைநட்டம் என்றே போகிறது. வங்கி வைப்பில் உள்ள சேமிப்பை எடுத்து, போதாததற்குக் கடன் வாங்கி, மூன்று ஏக்கரிலும் மா நட நினைக்கிறேன். நண்பரோ பயிரையும் மரத்தையும் சேர்த்து வளர்க்கும் வேளாண் காடு முறைதான் நல்லது என்கிறார். எது லாபம்?

பதில்: நண்பர் சொல்வதைக் கேளுங்கள். மா நல்ல மரம்தான். ஆனால் ஒட்டுக்கன்று நட்டாலும் கணக்கில் எழுதும்படியான காய்ப்புக்கு நான்கைந்து வருடங்கள் ஆகும். முழு விளைச்சலுக்குப் பத்து வருடங்கள்கூட ஆகலாம். மரம் காய்ப்பதற்கு முன்பே கடன் தவணை காய்த்துவிடும். தோப்பு போடுபவர்களின் பணம் முடங்குவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

அதை அடைப்பதுதான் ஊடுபயிரின் வேலை. பத்து மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 40 மாங்கன்றுகள். முதல் சில வருடங்களுக்கு அவற்றின் நிழல் விழும் இடம் மிகக் குறைவு, மீதி நிலம் வெட்டவெளி. அங்கே வழக்கம்போல் பயறு போட்டால் குடும்பச் செலவு நடக்கும். களையெடுக்கும் கூலியிலும் உரத்திலும் ஒரு பங்கு மரத்துக்கும் சேர்ந்துவிடும்.

லாபத்தை அளக்க ஒரு கணக்கு உண்டு. தனித்தோப்பில் கிடைப்பதில் 70 சதவீதப் பழமும், தனிப்பயிரில் கிடைப்பதில் 50 சதவீதப் பயறும் ஒரே ஏக்கரில் கிடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் தனித்தனியாக விளைவிக்க 0.7 + 0.5 = 1.2 ஏக்கர் வேண்டும். கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டினால் சேர்த்து வளர்ப்பது நிலத்தை நன்றாகப் பயன்படுத்துகிறது என்று பொருள். ஒன்றுக்குக் கீழே போனால் மரமும் பயிரும் வெளிச்சத்துக்கும் தண்ணீருக்கும் அடித்துக்கொள்கின்றன. மரம் குடைவிரித்த பிறகு பயறு விளைச்சல் குறையத்தான் செய்யும். அப்போது கிளைகளை வெட்டிக் கவாத்து செய்ய வேண்டும், அல்லது நிழல் தாங்கும் இஞ்சி, மஞ்சளுக்கு மாற வேண்டும். இதைத் திட்டத்தில் இப்போதே எழுதிவையுங்கள்.

மா மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல மா ரகங்கள் ஒரு வருடம் கொட்டிக் காய்த்தால் மறுவருடம் ஓய்ந்துவிடும். அதோடு, எல்லோருடைய பழமும் ஒரே சமயத்தில் பழுக்கும். தானியத்தைப்போல் மூட்டை கட்டி விலைக்குக் காத்திருக்க முடியாது. தோப்பு ஆர்வலர்கள் அதிகம் வாய்திறக்காத விஷயம் இது. ஆகவே காய்க்கும் காலம் வேறுபடும் மரங்களைக் கலந்து நடுங்கள். பப்பாளி ஒரு வருடத்துக்குள் பலன் தரத் தொடங்கும், ஆனால் நீர் தேங்கினால் செத்துவிடும். கொய்யாவுக்கு இரண்டு மூன்று வருடங்கள். எலுமிச்சைக்கு இன்னும் சற்றுக் கூடுதல். விதையில் வளர்ந்த பலா ஏழெட்டு வருடங்கள் காக்க வைத்தாலும், பின்னாளில் மரத்துக்கும் விலை உண்டு. நைரோபியைத் தலைமையிடமாகக் கொண்ட இக்ராஃப் என்ற வேளாண் காடு ஆய்வு மையமும், வருடம் முழுவதும் ஏதாவதொரு பழம் கிடைக்கும்படி மரங்களைத் தொகுத்து நடும் முறையைப் பரிந்துரைக்கிறது.

காற்றுத் தடுப்பு, மண்ணில் சேரும் இலைமக்கு எல்லாம் நல்லவைதான். ஆனால் அவற்றை நம்பித் தவணை கட்ட முடியாது.

இனி உங்கள் சேமிப்பு. ஒரு வருடக் குடும்பச் செலவுக்கும் சாகுபடிச் செலவுக்கும் ஆகும் தொகை வைப்பிலேயே இருக்கட்டும், அதைத் தொடாதீர்கள். மீதியில் ஓர் ஏக்கர் மட்டும் நடுங்கள். காய்ப்பு வரும்வரை தவணை கேட்காத கடன் கிடைத்தால் ஒழிய, கடனே வேண்டாம். கன்றை மலிவு பார்த்து வாங்காதீர்கள், ரகம் மாறியிருந்தால் அது தெரியவே பல வருடங்கள் ஆகும். கடுங்கோடையில் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துவிட்டு மரங்களின் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். நிலம் உடன்பிறந்தோருடன் பொதுவில் இருந்தால் முதலில் பாகம் பிரித்துப் பதிவு செய்யுங்கள். வெறும் நிலத்தைப் பிரிப்பது எளிது, காய்க்கும் மரங்களோடு பிரிப்பது பெரும் வழக்கு.

உங்கள் வயதுக்கு இது தாமதமும் இல்லை. வேலைக்கு உடம்பு தளரும் வயதில் மாமரம் முழுக் காய்ப்பில் இருக்கும், ஓய்வூதியம்போல. முதல் ஏக்கரில் கொய்யா காய்த்து, அதைத் தவறாமல் வாங்க ஓர் ஆளும் அமைந்த பிறகு இரண்டாவது ஏக்கருக்குக் குழி வெட்டுங்கள்.