சோதிக்கப்படாத ஓர் இளம் பேக்கப் குவாட்டர்பேக்கை அணி நம்பலாமா?

கேள்வி கேட்டவர் அமெரிக்கன் ஃபுட்பால் பார்ப்பவர் என்று நினைக்கிறேன். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்தான் குவாட்டர்பேக், அவருக்கு மாற்று ஆள் பேக்கப். முதல் குவாட்டர்பேக் காயம்பட்டு வெளியே போய்விட்டார், பெஞ்சில் இருப்பவர் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகில் ஓர் ஆட்டம்கூடத் தொடங்காத பொடியன். அவரை வைத்தே சீசனை ஓட்டலாமா, இல்லை அனுபவசாலி ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டுமா என்கிறார்.

நம்பலாம் என்பதுதான் என் பதில். எவ்வளவு, எதுவரை என்பதில்தான் சிக்கலே.

நான் சான்டா கிளாராவுக்குப் பக்கத்து ஊரில் பத்து வருடத்துக்கு மேல் இருக்கிறேன். ஃபார்ட்டி நைனர்ஸ் மைதானம் எங்கள் ஆபீஸிலிருந்து கூப்பிடு தூரம். வந்த புதிதில், "பந்தைக் காலால் தொடவே மாட்டேன்கிறார்கள், இதற்குப் பேர் ஃபுட்பாலா?" என்று சிரித்தவன்தான் நானும். பக்கத்து சீட் நண்பர் ஒருவர் தலையெழுத்தே என்று எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தார். கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில், 2021-இல் எங்கள் அணி ட்ரே லான்ஸ் என்ற குவாட்டர்பேக்கை மூன்றாவது ஆளாக எடுத்ததும் ஓடிப்போய் அவருடைய 5-ஆம் எண் ஜெர்சி வாங்கியவர் அவர். அந்த இடத்துக்கு முன்னேறுவதற்காக அணி மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளை விட்டுக்கொடுத்திருந்தது. வீட்டை அடகு வைத்துச் சீட்டு எடுத்த மாதிரி.

2022 சீசனின் இரண்டாவது ஆட்டத்தில் லான்ஸுக்குக் கணுக்கால் முறிந்தது. பழைய ஆள் ஜிம்மி கராப்போலோ திரும்ப வந்தார். டிசம்பர் 4-ஆம் தேதி மயாமிக்கு எதிராக அவருக்கும் பாதம் உடைந்தது. அடுத்து யார் என்று பார்த்தால், பிராக் பர்டி. அந்த வருட டிராஃப்டின் கடைசி ஆள், 262-ஆவது. கடைசியாக எடுக்கப்படுபவரை "மிஸ்டர் இர்ரெலவன்ட்", அதாவது கணக்கில் வராதவர் என்று கேலியாகக் கூப்பிடுவது அங்கே வழக்கம். நண்பர் அன்றைக்கே "சீசன் முடிஞ்சுது" என்று மெசேஜ் போட்டுவிட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மயாமியை 33-17 என்று ஜெயித்தார்கள். அடுத்த வாரம் பர்டி முதன்முதலாகத் தொடங்கிய ஆட்டம் இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய நட்சத்திரக் குவாட்டர்பேக்கான டாம் பிரேடியின் டாம்பா பே அணிக்கு எதிராக. 35-7. கேலரியில் அவர் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டதை டிவியில் காட்டினார்கள். அவர் தொடங்கிய ஐந்து லீக் ஆட்டங்களும் வெற்றி.

இதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. "சோதிக்கப்படாதவர்" என்ற சொல்லே இங்கே கொஞ்சம் ஏமாற்றுகிறது. பர்டி அயோவா ஸ்டேட்டில் நான்கு வருடம் ஆடி 12,000 யார்டுக்கு மேல் பந்தெறிந்தவர். இன்டர்செப்ஷன் கொடுத்து (எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிடுவது), திட்டு வாங்கி, மறுபடி எழுந்து ஆடியவர். லான்ஸோ கல்லூரியில் ஒரே ஒரு முழு சீசன்தான் ஆடினார், மொத்தமே 318 பாஸ்தான் எறிந்தார். கை வலு, ஓட்டம், உடல்வாகு எல்லாவற்றிலும் லான்ஸ்தான் மேல். உண்மையில் சோதிக்கப்படாதவர் யார்? மூன்றாவது இடத்தில் எடுத்தவர்தான்.

இன்னொன்று, பேக்கப்புக்கு வாரம் முழுக்க என்ன வேலை தெரியுமா? முதல் அணியோடு பயிற்சி செய்ய அவருக்குக் கிட்டத்தட்ட வாய்ப்பே கிடைக்காது, அது முழுக்கத் தொடக்க ஆட்டக்காரருக்குத்தான். பேக்கப்கள் அடுத்த வார எதிரணி மாதிரி நடித்து, சொந்த அணியின் டிஃபென்ஸுக்கு, அதாவது தடுப்பாட்டக்காரர்களுக்கு எதிராக ஆடிக்காட்ட வேண்டும். பர்டிக்கு எதிரே நின்ற டிஃபென்ஸ், அந்த வருடம் லீகிலேயே குறைந்த புள்ளிகள் கொடுத்தது. ஃப்ரெட் வார்னரும் நிக் போசாவும் இருந்த கூட்டம். அதற்கு எதிராகப் பையன் எப்படி எறிகிறான் என்று கோச் கைல் ஷனஹன் தினம் தினம் பார்த்திருக்கிறார். நம்மைப் போன்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறோம்.

அப்புறம், எவ்வளவு சுமையைத் தலையில் ஏற்றுகிறீர்கள் என்பது. குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர் உண்டு, கோச் அதில் பேசுவார். அடுத்த ஆட்டத்தைத் தொடங்கக் கொடுக்கும் நேரத்தைக் காட்டும் பிளே கிளாக்கில் 15 வினாடி மீதி இருக்கும்போது அது நின்றுவிடும். அதற்குமேல் எதிரணி எப்படி நிற்கிறது என்று படிப்பதும், பந்து கைக்கு வந்தபின் இரண்டரை, மூன்று வினாடிக்குள் முடிவெடுப்பதும் அவர் பொறுப்பு. புதியவரைக் காப்பாற்ற நினைக்கும் கோச் அந்த முடிவுகளின் எண்ணிக்கையைக் குறைப்பார்: ஓட்ட ஆட்டத்தைக் கூட்டுவார், சட்டென்று கைமாறும் குட்டி பாஸ்களைக் கொடுப்பார். பந்தை வாங்கிக்கொண்டு ஓடும் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி, ஜார்ஜ் கிட்டில் போன்றவர்கள் இருந்தால் நாலு யார்டு பாஸ் பதினாலு யார்டாகிவிடும். இப்படி ஆள்பலம் இல்லாத அணி ஒரு பையனை நடுவில் தள்ளிவிட்டு, "நம்பினோம், ஏமாற்றிவிட்டான்" என்று சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் பிரேடியைத்தான் இழுப்பார்கள். சரி, நானும் இழுக்கிறேன், வேறு காரணத்துக்காக. 2001 செப்டம்பரில் நியூ இங்கிலாந்து அணியின் முதல் குவாட்டர்பேக் ட்ரூ பிளெட்சோ பலமாக அடிபட்டு, உள்ளே ரத்தம் கசிந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். உள்ளே வந்தவர் 199-ஆவதாக எடுக்கப்பட்ட பிரேடி. இது கட்டாயம், வேறு வழி இல்லை. நம்பிக்கை என்பது நவம்பரில் நடந்தது. பிளெட்சோ குணமாகிவிட்டார், சில மாதம் முன்புதான் 10 வருடம், 103 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் போட்டிருந்தார். பிரேடியோ மூன்று வாரம் முன்பு டென்வரில் நான்காவது குவார்ட்டரில் மட்டும் நான்கு இன்டர்செப்ஷன் கொடுத்திருந்தார். ராம்ஸ் அணியிடம் தோற்றபின் அணி 5 வெற்றி, 5 தோல்வி. அந்த நிலையில்தான் கோச் பில் பெலிச்சிக், மீதி சீசனுக்கும் பிரேடிதான் என்றார். மிச்சமிருந்த ஆறு லீக் ஆட்டத்தையும் ஜெயித்து, கடைசியில் அதே ராம்ஸை சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டத்தில் 20-17 என்று தோற்கடித்தார்கள்.

ஆனால் இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 2015-இல் டென்வரில் முதல் குவாட்டர்பேக் பெய்டன் மேனிங் காயம்பட, பேக்கப் பிராக் ஆஸ்வைலர் ஏழு ஆட்டம் தொடங்கி ஐந்தில் ஜெயித்தார். கடைசி லீக் ஆட்டத்தின் நடுவில் கோச் அவரை உட்கார வைத்துவிட்டு 39 வயது மேனிங்கையே இறக்கினார். அந்த அணி சூப்பர் பவுல் 50-ஐ ஜெயித்தது. பந்தெறிந்து அல்ல, டிஃபென்ஸால். ஆஸ்வைலரின் அந்த ஏழு ஆட்டத்தைப் பார்த்து ஹூஸ்டன் 4 வருடத்துக்கு 72 மில்லியன் டாலர் கொடுத்தது. ஒரே வருடத்தில், அவரை எடுத்துக்கொள்ளச் சொல்லி கிளீவ்லாந்துக்கு ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வையும் சேர்த்துக் கொடுத்தது.

கிரீன் பே அணியின் பேக்கப்பாக இருந்த மேட் ஃப்ளின் கதை இன்னும் வேடிக்கை. 2012 ஜனவரி முதல் தேதி, ஒரே ஆட்டத்தில் 480 யார்டு, 6 டச்டவுன். அதை நம்பி சியாட்டில் அவரை மூன்று வருட ஒப்பந்தத்தில் எடுத்தது. அடுத்த மாதமே டிராஃப்டின் மூன்றாம் சுற்றில் ரஸ்ஸல் வில்சன் என்ற குவாட்டர்பேக்கையும் எடுத்தது. பயிற்சி கேம்பில் இருவரையும் மோதவிட்டு, சம்பளம் குறைந்த புதுப் பையனையே தொடக்க ஆளாக்கினார் கோச் பீட் கேரல். இரண்டாவது வருடம் சூப்பர் பவுலை ஜெயித்தார்கள்.

ஆக, வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பையனுக்கு ஆட்டத்தைக் கொடுப்பதில் பெரிய நஷ்டம் கிடையாது. முதல் மூன்று நான்கு ஆட்டம் வரை எதிரணிகளிடம் அவரைப் பற்றிய வீடியோகூட அதிகம் இருக்காது. அதற்குப் பிறகுதான் பலவீனத்தைக் கண்டுபிடித்து அங்கேயே குத்துவார்கள். அப்போது என்ன செய்கிறார் என்று பார்க்காமல் பெரிய பணத்தைக் கொட்டுவதுதான் முட்டாள்தனம். பர்டிக்கு அந்தப் பெரிய ஒப்பந்தம் 2025-இல்தான் வந்தது, 5 வருடத்துக்கு 265 மில்லியன். அதற்குள் ஒரு சூப்பர் பவுல்வரை போய் கான்சாஸ் சிட்டியிடம் ஓவர்டைமில் தோற்றிருந்தார்.

லான்ஸை 2023-இல் ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கு டாலஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். நண்பர் அந்த 5-ஆம் எண் ஜெர்சியைத் தூக்கிப் போடவில்லை. தோட்டத்தில் புல் வெட்டும்போது போட்டுக்கொள்கிறார். பர்டி ஜெர்சி வாங்கவில்லையா என்று போன மாதம் கேட்டேன். "இன்னும் ரெண்டு சீசன் போகட்டும்" என்றார்.