ஒரு பிரிண்டர், பல யூனிக்ஸ்: நம்ம மாவட்டத்துக் கேள்விகளும் பதில்களும்

நாகர்கோவிலில் லேப் சிஸ்டங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, மேக், பழைய சோலாரிஸ் என்று யூனிக்ஸ் வகை இயங்குதளங்கள் கலந்து கிடக்கும் இடத்தில் ஒரு பிரிண்டரைப் பொதுவாக்குவது பற்றி வந்த கேள்விகள் இவை.

மார்த்தாண்டம், பயிற்சி மையம்: அண்ணாச்சி, எங்களிடம் 8 லினக்ஸ், 2 மேக், ஒரு ஃப்ரீபிஎஸ்டி இருக்கு. நெட்வொர்க் லேசர் பிரிண்டர் ஒன்றுதான். எல்லா மெஷினிலும் தனித்தனியாகச் சேர்க்கணுமா?

வேண்டாம். எப்போதும் ஓடும் ஒரு லினக்ஸ் மெஷினைப் பிரிண்ட் சர்வராக வையுங்கள். அது மட்டும் பிரிண்டரோடு பேசட்டும், மற்றவை அதனோடு பேசட்டும். 11 மெஷினும் நேராகப் பிரிண்டரின் 9100 போர்ட்டுக்கு (நெட்வொர்க்கில் வேலை உள்ளே போகும் எண்ணிட்ட வாசல்) அனுப்பினால் வேலை நடக்கும்தான். ஆனால் ஒரு மாணவன் 200 பக்கம் தவறாகக் கொடுத்துவிட்டால், அது யாருடையது, எந்த மெஷினில் நிறுத்துவது என்று ஓடித் தேட வேண்டியிருக்கும். அச்சுக்குக் காத்திருக்கும் வேலைகளின் வரிசை ஒரே இடத்தில் இருந்தால் அங்கேயே பார்த்து நிறுத்திவிடலாம்.

முதலில் ரவுட்டரில் பிரிண்டருக்கும் சர்வருக்கும் ஐபி முகவரியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். இதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர்கள்தான் ஒரு மாதம் கழித்து என்னைக் கூப்பிடுகிறார்கள். அப்புறம் சர்வரில் கப்ஸ் (CUPS) என்ற அச்சு மென்பொருளை நிறுவி, பிரிண்டரைச் சேர்த்து, பகிர்வதற்கு அனுமதி கொடுங்கள். கப்ஸ் இயல்பாகத் தன் மெஷினுக்குள் வரும் அழைப்பை மட்டும்தான் கேட்கும். கப்ஸ்சிடிஎல் கட்டளையில் ஷேர்-பிரிண்டர்ஸ் கொடுத்தால்தான் வெளியே கதவு திறக்கும். ஃபயர்வாலில் டிசிபி 631, யுடிபி 5353 என்ற இரண்டு போர்ட்டுகளையும் உள் நெட்வொர்க்குக்கு மட்டும் திறங்கள். சர்வரில் அவாஹி (பிரிண்டர் இருப்பதை நெட்வொர்க்கில் அறிவிக்கும் சேவை) ஓடினால் மேக்கில் பிரிண்டர் தானாகவே பட்டியலில் வரும். மேக் 2002 முதலே கப்ஸைத்தான் பயன்படுத்துகிறது, அதனால் அங்கே சண்டை இல்லை. லினக்ஸ் மெஷின்களில் கப்ஸின் கிளையண்ட் கோப்பில் சர்வரின் முகவரியை ஒரு வரி எழுதினால் போதும்.

வரிசைக்குப் பெயர் வைக்கும்போது சிறிய ஆங்கில எழுத்து, இடைவெளி இல்லாத ஒரே சொல். பழைய மெஷின்களுக்கு அதுதான் ஒத்துவரும்.

குளச்சல், கல்லூரி மாணவர்: ஃப்ரீபிஎஸ்டியில் கப்ஸ் போட்டேன். பிரவுசரில் சோதனைப் பக்கம் அடிக்கிறது. டெர்மினலில் எல்பிஆர் (lpr) என்ற அச்சுக் கட்டளையைக் கொடுத்தால் அப்படி ஒரு பிரிண்டரே தெரியாது என்கிறது.

மக்கா, உன் மெஷினில் எல்பிஆர் இரண்டு இருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டி தன்னோடு கொண்டுவரும் பழைய எல்பிஆர் ஒன்று. கப்ஸ் போட்டபோது யூஎஸ்ஆர் லோக்கல் பின் அடைவில் வந்தது இன்னொன்று. பழையதற்குக் கப்ஸ் வரிசை எதுவும் தெரியாது. கட்டளைகளை எந்த அடைவுகளில் தேடுவது என்று சொல்லும் பாத் (PATH) மாறியில் லோக்கல் அடைவை முன்னே கொண்டுவா, சரியாகிவிடும்.

தக்கலை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: தம்பி, என்னிடம் சோலாரிஸ் 10 ஓடும் பழைய மெஷின் உண்டு. அதையும் இந்தச் சர்வரோடு சேர்க்க முடியுமா?

முடியும் சார். சோலாரிஸ் 11-இல் கப்ஸ் வந்துவிட்டது. 10-இல் எல்பி (LP) என்ற பழைய அச்சு முறைதான். அதனால் அது எல்பிடி (LPD) என்ற பழைய நெட்வொர்க் அச்சு நெறிமுறையில், 515 போர்ட் வழியாகப் பேசட்டும். சர்வரில் கப்ஸ்-எல்பிடி என்ற சிறு சேவையை இயக்குங்கள். சோலாரிஸில் எல்பிஅட்மின் கட்டளைக்கு எஸ் விருப்பத்தோடு சர்வர் பெயர், ஆச்சரியக்குறி, வரிசையின் பெயர் என்று சேர்த்துக் கொடுங்கள். ஆச்சரியக்குறிக்கு முன்னால் பின்சாய்வுக்கோடு வையுங்கள், இல்லாவிட்டால் சில ஷெல் அதை வேறாக எடுத்துக்கொள்ளும்.

ஒன்றைக் கவனியுங்கள். கப்ஸில் நீங்கள் போட்ட அனுமதி விதிகளைக் கப்ஸ்-எல்பிடி பார்க்காது. அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் 515-ஐ ஃபயர்வாலில் திறங்கள்.

தோவாளை, பூக்கடை: டாட் மேட்ரிக்ஸில் பில் அடித்தால் ஒவ்வொரு வரியும் படிக்கட்டு மாதிரி வலது பக்கம் தள்ளிப்போகுது.

யூனிக்ஸ் வரி முடிவில் "கீழே இறங்கு" என்ற ஒரு குறியை மட்டும் வைக்கும். "இடது ஓரத்துக்குத் திரும்பு" என்ற குறி இல்லாததால் பிரிண்டரின் அச்சுத் தலை நின்ற இடத்திலிருந்தே அடுத்த வரி தொடங்குகிறது. பில் கோப்பை, அந்தக் குறியையும் சேர்க்கும் யூனிக்ஸ்2டாஸ் என்ற நிரல் வழியாக அனுப்புங்கள். படிக்கட்டு போய்விடும்.

குலசேகரம், ரப்பர் கடை: இடி மழையில் கரண்டு போய் வந்தால் பிரிண்டர் அடிக்கவே மாட்டேங்குது. சர்வரை அணைத்துப் போட்டாலும் அப்படியேதான்.

பிரிண்டர் பதில் சொல்லாதபோது கப்ஸ் பெரும்பாலும் வரிசையையே நிறுத்திவிடும். கரண்டு வந்த பிறகும் அது நின்றபடியே இருக்கும். இப்போதைக்குக் கப்ஸ்இனேபிள் கட்டளையோடு வரிசையின் பெயரைக் கொடுங்கள், ஓடும். நிரந்தரமாகச் சரிசெய்ய, அந்த வரிசையின் பிழைக் கொள்கையை (பிழை வந்தால் என்ன செய்வது என்ற அமைப்பு) ரீட்ரை-ஜாப், அதாவது வேலையை மறுபடி முயல் என்று மாற்றுங்கள். நம்ம மாவட்டத்தில் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் உண்டு. இந்த ஒரு மாற்றத்தை எல்லோருமே செய்துவையுங்கள்.

லேசர் பிரிண்டரைச் சின்ன யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். அதன் ஹீட்டர் சூடாகும்போது இழுக்கும் கரண்டைச் சின்ன யுபிஎஸ் தாங்காது. சர்வருக்கும் ரவுட்டருக்கும் யுபிஎஸ் கொடுத்தால் போதும். மழைக்காலத்தில் பேப்பர் கட்டைப் பிரித்துப் போடாதீர்கள், ஈரம் ஏறினால் சிக்கும்.

திங்கள்சந்தை, ஜெராக்ஸ் கடை: தமிழ் டெக்ஸ்ட் கோப்பை நேராக அனுப்பினால் கட்டம் கட்டமாக வருது. சில நேரம் கொம்பும் காலும் இடம் மாறுது.

இது எனக்கு மிகவும் முக்கியமான கேள்வி. நம்ம எழுத்து ஒழுங்காக வராத பிரிண்டரை வைத்து ஒரு மனு கூட அடிக்க முடியாது. கட்டம் வந்தால் சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். கொம்பு மாறினால், கோப்பை மாற்றும் நிரல் எழுத்துகளை ஒவ்வொன்றாக வரிசையில் வைக்கிறதே தவிர, "கொ" என்பதை ஒரே உருவாகச் சேர்க்கத் தெரியவில்லை. டெக்ஸ்டை நேராக அனுப்பாதீர்கள். லிப்ரே ஆபீஸில் திறந்து பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள், அல்லது பேப்ஸ் என்ற நிரலைப் பயன்படுத்துங்கள். அதில் தமிழ் சரியாகச் சேரும். வாடிக்கையாளர் கொண்டுவரும் பிடிஎஃப்பில் எழுத்துரு உள்ளே பதிந்திருக்கிறதா என்று பிடிஎஃப்ஃபான்ட்ஸ் கட்டளை காட்டும். பதிந்திருந்தால் எந்த மெஷினிலிருந்து அனுப்பினாலும் தமிழ் தமிழாகவே வரும்.

கருங்கல், ஒரு வாசகர்: கப்ஸில் பாதுகாப்புக் குறை என்று 2024-இல் படித்தேன். பயப்படணுமா?

அந்தச் செப்டம்பரில் வெளியான குறையில் முதல் வாசல் கப்ஸ்-பிரவுஸ்டு என்ற துணைச் சேவை. யுடிபி 631-இல் யார் வந்து "நான் பிரிண்டர்" என்று சொன்னாலும் அது நம்பிவிடும். மேலே சொன்னபடி முகவரியை நீங்களே எழுதியிருந்தால் அந்தச் சேவை தேவையே இல்லை. நிறுத்திவிட்டு, கப்ஸ் தொகுப்புகளைப் புதுப்பித்துவிடுங்கள்.