இசைத்தட்டு வெளியிட ஒரு லேபிளே (நிறுவனமே) கிடைக்காமல் போன, யாரும் கண்டுகொள்ளாத எலக்ட்ரானிக் இசைக்குழு என்றால் யாரைச் சொல்வீர்கள்?

நான் அகமதாபாத்காரர்களைத்தான் சொல்வேன். அவர்கள் பெயர் வைத்து மேடையேறிய குழுவும் இல்லை. 1969 முதல் 1972 வரை அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரே ஸ்டூடியோவில், ஒரே மோக் சின்தசைசரை (மின்சாரத்தால் சத்தங்களை உருவாக்கும் கருவி) வைத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் வேலை செய்தவர்கள்: கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா. அந்த ஸ்டூடியோவை அமைத்துக் கொடுத்தவர் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர்.

கீதா சாராபாய் பக்கவாஜ் என்ற வட இந்திய மத்தளம் வாசித்தவர். நாற்பதுகளிலேயே நியூயோர்க் போய், அமெரிக்க இசையமைப்பாளர் ஜோன் கேஜிடம் மேற்கத்திய இசை படித்து, பதிலுக்கு அவருக்கு நம் பக்கத்து இசையைச் சொல்லிக் கொடுத்தவர். அப்படிப்பட்ட ஒரு காது மோக்கின் முன்னால் உட்கார்ந்தால் என்ன வரும் என்று நினைத்துப் பாருங்கள்! சர்மா நடனத்துக்கென்று செய்தவற்றைக் கேட்டால் டெக்னோ என்ற மின்னணு நடன இசையின் பெயர் பிறக்கப் பல வருடம் முன்னமே அந்தத் துடிப்பு அங்கே இருந்தது என்று எனக்குப் படுகிறது.

இதில் ஒரு விஷயம் முக்கியம். அந்தக் காலத்து மோக்கில் மெமரி கிடையாது, ஒரு சத்தம் வேண்டுமென்றால் வயர்களை ஒவ்வொரு துளையாகக் குத்தி, குமிழ்களைத் திருகித் திருகித்தான் எடுக்க வேண்டும், வயரைக் கழற்றினால் அந்தச் சத்தம் போய்விடும், அதே இடத்தில் திரும்பக் குத்தினாலும் அச்சொட்டாக வராது. ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வரும் என்பதால் ஒன்றன்மேல் ஒன்றாக நாடாவில் பதிந்துதான் அடுக்குவார்கள். ஆக, நாடா போனால் எல்லாம் போச்சு. அந்த நாடாக்கள் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்திலேயே கிடந்தன. போல் பர்கஸ் என்ற லண்டன் கலைஞர் தேடிப் போய் எடுத்திருக்காவிட்டால் 2023 இல் அவற்றிலிருந்து வந்த இசைத் தொகுப்பு நம் கைக்குக் கிடைத்திருக்காது. பதிந்து ஐம்பது வருடம் கழித்து!

திருகோணமலையில் இருந்துகொண்டு இதைக் கேட்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். கடற்காற்று கசெட்டை என்ன செய்யும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்து, போட்டால் ஹெட்டில் மண்ணிறத் தூள் ஒட்டி, குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது மாதிரி ஆகிவிடும். எங்கள் ஊரில் கோயில் திருவிழாக்களுக்கு கீபோர்ட், ஒக்டபாட் (மின்னணுத் தாளக் கருவி) வைத்து வாசித்த பொடியன்கள் எத்தனையோ பேர். மேடையில் சினிமாப் பாட்டு, ஒத்திகை முடிந்தபிறகு சொந்தமாக ஏதாவது. அந்தச் சொந்தத் துண்டுகள்தான் நல்லவை. கசெட் பதிந்து விற்கும் எந்த ரெக்கோடிங் பாரும் அதை விற்றதில்லை, யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோதும் சுனாமியிலும் எத்தனை வீட்டுப் பெட்டிகள் போயின என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு கசெட் இருந்தால் தயவுசெய்து எறியாதீர்கள், பூஞ்சணம் பிடித்திருந்தால் துடைக்காமல் ஓட்டவும் வேண்டாம், டேப் ரெக்கோடரும் சேர்ந்து கெட்டுப்போகும்.

சரி, கேட்கத் தொடங்குபவர்களுக்கு: 'என்ஐடி டேப்ஸ்' என்று தேடுங்கள், என்ஐடி என்பது அந்த வடிவமைப்பு நிறுவனத்தின் சுருக்கப் பெயர். முதலில் ஜோஷிபுரா, விண்வெளிப் பயணத்தை மனதில் வைத்துச் செய்தவை. அப்புறம் சர்மா. கீதா சாராபாயைக் கடைசியாக, ஹெட்போனில், வேறு வேலை எதுவும் செய்யாமல் கேளுங்கள்.